பக்கத்து நம்பர்

திருட்டுப் போனது நகைநட்டு இல்லை. ஒரு தையல்காரரின் இரைப்பை.

காலை 9.20. ஆஸ்பத்திரி லேப்பின் பின்னறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியின் மூடியைத் திறந்து காட்டினார், லேப்புக்குத் தலைவரான பெரிய டாக்டர். பார்மலின் நெடி குப்பென்று அடித்தது. கான்ஸ்டபிள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார். இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே பார்த்தாள். சாம்பல் நிறத்தில், பட்டை பட்டையாக அறுத்த சதை.

"நூத்திநாப்பது துண்டா வெட்டிப் பார்த்துட்டோம். ஒண்ணுலகூட கேன்சர் இல்ல."

"கேன்சர் இல்லாத வயித்த எதுக்கு எடுத்தீங்க டாக்டர்?"

"நாங்க எடுக்கல. சர்ஜன் எடுத்தாரு."

"அவரு எதப் பார்த்து எடுத்தாரு?"

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. "எங்க ரிப்போர்ட்டப் பார்த்து."

இந்த இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'ஊசி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கும் தெரியும். சத்தம் போட மாட்டாள், கை ஓங்க மாட்டாள். கேள்வியை மட்டும் செருகுவாள். செருகின இடத்தில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நடந்தது இது. பத்து வாரத்துக்கு முன், வயிற்றுவலி என்று வந்த தையல்காரருக்குள் குழாய் விட்டு, அரிசிமணி அளவில் ஐந்து துணுக்குச் சதை கிள்ளி எடுத்து இந்த லேப்புக்கு அனுப்பினார்கள். லேப் கொடுத்த எண் 413. ரிப்போர்ட் வந்தது: கேன்சர், அதிலும் சரசரவென்று பரவுகிற பொல்லாத ஜாதி. நான்காம் வாரம் இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்த இரைப்பை இதே லேப்புக்கு வந்தது. அதில் ஒரு சின்னப் புண், அவ்வளவுதான். அந்தச் சேதியை ஆஸ்பத்திரி ஒரு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்து வைத்திருந்தது. எப்படியோ காகிதம் தையல்காரரின் மனைவி கையில் சிக்க, அவள் நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

"413-ன்னு நம்பர் போட்ட மெழுகு பிளாக்குல இருக்கற சதை அவரோடது இல்லன்னு டி.என்.ஏ. டெஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு," என்றார் டாக்டர். "வேற யாரோடதோ."

"அந்த வேற யாரோ இப்ப எங்க?"

டாக்டர் வாளியின் மூடியை அழுத்தி மூடினார்.

"நான் சொல்லட்டுமா? வயித்துல கேன்சர வெச்சுக்கிட்டு, ஒண்ணுமில்லன்னு நீங்க குடுத்த காகிதத்த பீரோவுல பூட்டிக்கிட்டு, எங்கயோ நடமாடிக்கிட்டு இருக்காங்க. அன்னிக்கு மொத்தம் எத்தன வயிறு வந்துச்சு?"

"இருபத்திமூணு."

"மிச்ச இருபத்திரெண்டு பேரையும் இன்னிக்கே கூப்பிடுங்க."

"நிர்வாகம் அனுமதிக்கணும் மேடம். ஊரே பயந்துடும். எல்லா பிளாக்கையும் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், மூணு வாரத்துல..."

"மூணு வாரம் அந்த ஆளுக்குத் தாங்குமா?"

"இந்த ஜாதி கேன்சருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்குதான்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டார். "யார் தப்புன்னு எங்களுக்குத் தெரியும். சஸ்பெண்டும் பண்ணியாச்சு. அந்தக் கண்ணாடிதான்."

தடித்த கண்ணாடி போடுகிற டெக்னீஷியன் பெண்ணுக்கு லேப்பில் அதுதான் பெயர். சேர்ந்து ஏழு மாதம்.

"மத்தவங்க?"

"சதைய மெழுகுல வெக்கறது எங்க மெழுகண்ணன். இருபத்திரெண்டு வருஷம். அவருக்கு இருக்கற கண்ணு என் ஸ்டூடன்ட்ஸுக்கே கிடையாது. ஸ்லைட மேல கொண்டுவரும்போதே 'சார், இதக் கொஞ்சம் கவனிங்க'ம்பாரு. பார்த்தா கேன்சரா இருக்கும். பாவம், அஞ்சு வாரத்துக்கு முன்னதான் பையனுக்குக் கிட்னி மாத்துனாங்க. இவரோட சொந்த அக்காதான் குடுத்தாங்க. அப்பவும் மனுஷன் நாலே நாள்தான் லீவு போட்டாரு."

வராந்தாவில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் எழுந்தாள்.

"ஒரு நாளைக்கு எட்டு வாட்டி குடுக்கறேன்மா. ஒரு வாட்டிக்கு ரெண்டு ஸ்பூன். அதுலயும் பாதி வெளிய வந்துடுது. மெஷின்ல உட்கார்ந்தா மயக்கமா வருதுங்கறாரு. தச்சுத் தரேன்னு வாங்கின துணியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டோம்." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. "பண்ணது யாருன்னு கண்டுபிடிச்சா என்னைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஏன் அவரு? ஊர்ல இத்தன பேர் இருக்கறப்ப ஏன் எங்க வீட்டு ஆளு?"

காலை 9.55. விசாரணைக்கு வரவழைத்த கண்ணாடி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அலமாரிக் கதவில் யாரோ மார்க்கர் பேனாவால் 'வயிறு தின்னி' என்று எழுதியிருந்தார்கள். அழித்தும் சரியாகப் போகவில்லை. படித்தவர்கள் வேலை செய்கிற இடம்தான் அது.

"நீ மாத்துனியா?"

"இல்ல மேடம்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"ஒரு பாட்டிலத் திறப்பேன். துணுக்க எண்ணுவேன். மெல்லிசு காகிதத்துல வெச்சு பொட்டலமா மடிப்பேன். கேசட்டுல போட்டு மூடுவேன். அது மூடினப்புறம்தான் அடுத்த பாட்டிலத் தொடுவேன். ஒரு நாளும் ரெண்டு திறந்து இருக்காது."

கேசட் என்பது தீப்பெட்டியைவிடச் சின்ன, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பெட்டி. அதன் நெற்றியில் பென்சிலால் எண் எழுதியிருந்தது.

"ஏன் பென்சில்?"

"பேனா மை ஸ்பிரிட்டுல கரைஞ்சு போயிடும் மேடம். பென்சில் நிக்கும்."

"காகிதம் எதுக்கு?"

"துணுக்கு அந்த ஓட்டை வழியா நழுவிடும். நான் சேர்ந்ததுலருந்து காகிதம்தான்."

கான்ஸ்டபிள் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "மேடம், பாட்டில் பிரிச்சவங்க கையெழுத்து எல்லாம் இந்தப் பொண்ணோடது. 412 மட்டும் வேற கை. ஆனா இதப் பாருங்க. 413ல துண்டு எண்ணிக்கை நாலுன்னு எழுதி, அடிச்சுட்டு, அஞ்சுன்னு எழுதியிருக்கு."

கண்ணாடியின் முகம் வெளுத்தது. "ஒரு துணுக்கு மூடியில ஒட்டியிருந்துச்சு மேடம். அப்புறம் பார்த்து எடுத்தேன். அதான் அடிச்சேன். இத வெச்சுத்தான் என்னை..."

"412 யாரு பண்ணது?"

"மெழுகண்ணன். 'இது வேண்டப்பட்டவங்க கேஸ், நானே பார்த்துக்கறேன்'னு வாங்கிக்கிட்டாரு."

"துண்டு எத்தன?"

"அதுலயும் அஞ்சு," என்றார் கான்ஸ்டபிள்.

காலை 10.30. மெழுகண்ணனுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். விரல் நுனிகளில் பழைய தீப்புண் தழும்புகள். இன்ஸ்பெக்டர் உட்காருவதற்கு முன்பே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கான்ஸ்டபிளுக்குத் தண்ணீர் கொடுத்தார். மனுஷர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கான்ஸ்டபிள் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

"உங்க வேலை என்ன?"

"ராத்திரி பூரா மெஷின் சதையில இருக்கற தண்ணிய எடுத்துட்டு மெழுக ஏத்தும் மேடம். காலையில நான் பொட்டலத்தப் பிரிச்சு, துணுக்குகள அச்சுல நிமித்தி வெச்சு, நம்பர் போட்ட கேசட்ட மேல வெச்சு, மெழுகு ஊத்தி பிளாக் ஆக்குவேன். அப்புறம் கத்தியில சீவறது. வெங்காயச் சருகவிட மெல்லிசா வரும். வெந்நியில மிதக்கவிட்டு ஸ்லைடுல ஏந்தி, சாயம் போட்டு, டாக்டருக்கு அனுப்புவேன். துணுக்கு சாஞ்சு உட்கார்ந்தா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. நோய் இருந்தும் இல்லன்னு ஆயிடும்."

"அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க மைக்ரோஸ்கோப்புல பார்ப்பீங்களா?"

"சாயம் ஏறியிருக்கான்னு மட்டும். நோய் பார்க்கறதெல்லாம் நமக்கு எங்க தெரியும் மேடம்? நான் டாக்டரா?"

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

"ஸ்லைடு தட்டு தினம் எத்தன மணிக்கு மேல போகும்?"

"பன்னெண்டரைக்கு."

"413 இருந்த தட்டு மூணு அம்பதுக்குப் போயிருக்கு."

"மெழுகு மெஷின் மக்கர் பண்ணிடுச்சு."

"யாரு சரி பண்ணது?"

"நானேதான். சின்ன ஃபியூஸ்."

"அந்தப் பொண்ணு எப்படி?"

மெழுகண்ணன் பெருமூச்சு விட்டார். "தங்கமான பொண்ணு. கைதான் கொஞ்சம் அவசரம். மனுஷங்கதானே மேடம், தப்பு யாருக்கும் வரும். அவளப் பெருசா ஒண்ணும் பண்ணிடாதீங்க."

தங்கம் என்று சொல்லிக்கொண்டே குழி பறிப்பதும் ஒரு கைத்தொழில். இன்ஸ்பெக்டர் அதை நிறையப் பார்த்தவள்.

காலை 11.15. பெரிய டாக்டர் 413-ஆம் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். இன்ஸ்பெக்டர் கண்ணைக் கொடுத்தாள். ரோஜாவும் ஊதாவுமாக ஒரு கோலம்.

"நடுவுல மோதிரம் மோதிரமா இருக்கு பாருங்க. அதுதான் கேன்சர் செல். ஒண்ணு ரெண்டு இல்ல, கொட்டிக்கிடக்கு. இதப் பார்த்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதுவாங்க."

இன்ஸ்பெக்டர் மோதிரங்களைப் பார்த்தாள். அப்புறம் ஓரத்துக்கு வந்தாள். அங்கேயே நின்றாள்.

"இந்த முக்கோணம் என்னது?"

"எது?"

"ஓரத்துல. மூணு மூலையா ஓட்டை ஓட்டையா இருக்கே. கத்திரிச்செடுத்த மாதிரி."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஓ, அதுவா. அது நோய் இல்ல மேடம். சதையத் தயார் பண்றப்ப வர்ற சில்லறைக் கோளாறு. அத யாரும் பார்க்க மாட்டோம்."

"நீங்க நோய் பார்க்கறவர். அதனால பார்க்கல. நான் நோய் பார்க்க வரலையே. எல்லா ஸ்லைடுலயும் இது வருமா?"

"அது... வரணும்னு இல்ல."

"அன்னிக்கு வந்த இருபத்திமூணையும் எடுங்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு ஸ்லைடாக வைத்து, அவர் ஒரு தடவையும் அவள் ஒரு தடவையும் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் எண்ணைப் படித்து டிக் போட்டார். முக்கோண ஓட்டை ஒரே ஒரு ஸ்லைடில்தான் இருந்தது. 413.

பகல் 12.25. பெரிய டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஸ்பாஞ்ச்," என்றார்.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"முன்னெல்லாம் துணுக்க ரெண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவுல வெச்சு கேசட்ட மூடுவோம். கெட்டியாப் பிடிச்சுக்கும், ஒண்ணும் தொலையாது. ஆனா ஸ்பாஞ்சோட முனை சதையில அழுந்தி, முக்கோணமாப் பள்ளம் விழும். படிக்கறதுக்குத் தொந்தரவுன்னு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நான்தான் நிறுத்தினேன். இப்ப எல்லாம் காகிதம்தான்."

"கண்ணாடி சேர்ந்து எத்தன மாசம்?"

"ஏழு."

"அவ ஸ்பாஞ்சக் கண்ணால பார்த்திருக்கவே மாட்டா."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மாதமாக அந்த ஸ்லைடை நாலு டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். எட்டுக் கண். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவர் மாதிரி இப்போது திரும்பத் திரும்ப அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் 12.40. இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் 412-ஆம் வரியை விரல் வைத்து முழுசாகப் படித்தாள். பெண். வயது ஐம்பத்திரண்டு. அனுப்பியது கிட்னி மாற்றுப் பிரிவு. விரலை எடுக்காமலே கான்ஸ்டபிளிடம், "மெழுகு மேசை டிராயரைத் திற. சாவி இல்லன்னா உடை," என்றாள்.

உடைக்க வேண்டியிருக்கவில்லை. அடி டிராயரில், உலோக அச்சுகளுக்குக் கீழே, பாதி தீர்ந்த பாக்கெட் ஒன்று இருந்தது. நீல ஸ்பாஞ்ச் வில்லைகள்.

பகல் 1.05. எல்லோரையும் லேப்பில் நிற்க வைத்தாள். பெரிய டாக்டர், கண்ணாடி, மெழுகண்ணன். வாசலில் தையல்காரரின் மனைவி.

"அன்னிக்கு இருபத்திரெண்டு கேசட் காகிதம் வெச்சு மூடுனது. இந்தப் பொண்ணு கை. ஒண்ணே ஒண்ணு ஸ்பாஞ்ச் வெச்சு மூடுனது, 412. அது இவரு கை." இன்ஸ்பெக்டர் பாக்கெட்டை மேசை மேல் போட்டாள். "அப்ப முக்கோண ஓட்டை எந்த ஸ்லைடுல இருக்கணும்? 412ல. ஆனா எதுல இருக்கு? 413ல. 412 பளிங்கு மாதிரி சுத்தமா இருக்கு. நம்பர் அழியல, ரிஜிஸ்டர் மாறல. உள்ள இருந்த சதைதான் இடம் மாறியிருக்கு. பொட்டலம் கட்டும்போதே மாறியிருந்தா, 413ல இந்தப் பொண்ணு காகிதந்தான் வெச்சிருப்பா, முக்கோணம் விழுந்திருக்காது. மாத்துனது மெழுகு ஊத்தினதுக்கு அப்புறம். மெழுகு யாரு கையில?"

மெழுகண்ணன் சிரிக்கப் பார்த்தார். "மேடம், ஏதோ கைதவறி..."

"கைதவறினா தட்டு பன்னெண்டரைக்கே போயிருக்கும். உங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வேண்டியிருந்துச்சு. ரெண்டு பிளாக்கையும் உருக்கணும், கேசட்ட மாத்தி ஊத்தணும், திரும்பச் சீவணும், சாயம் போடணும். மெஷின் ரிப்பேர்னு கதை. நோய் பார்க்கத் தெரியாதுன்னு இன்னொரு கதை. உங்க கண்ணப் பத்தி டாக்டர் காலையிலேயே சர்டிபிகேட் குடுத்துட்டாரு. ரிப்போர்ட் எழுதறது டாக்டர் கையில, அத உங்களால மாத்த முடியாது. சதையத்தான் மாத்த முடியும்." ரிஜிஸ்டரைத் திருப்பி அவர் முன் வைத்தாள். "412 யாரு?"

மெழுகண்ணன் மேசை விளிம்பில் உறைந்த மெழுகை நகத்தால் சுரண்டினார்.

"ஐம்பத்திரெண்டு வயசுப் பொம்பளை. கிட்னி குடுக்கறதுக்கு முன்னாடி, வயித்துல லேசா எரிச்சல்னு சொன்னதால பரிசோதனைக்கு அனுப்பினது. யாரு?"

"எங்க அக்கா," என்றான்.

இனி இவனுக்கு 'அவர்' என்ன வேண்டிக்கிடக்கிறது?

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டர் "அடப்பாவி!" என்றது காற்றாகத்தான் வந்தது.

"அக்காவோட துணுக்கு ஒண்ணுகூட தொலையக் கூடாதுன்னுதான் ஸ்பாஞ்ச் வெச்சேன்," என்றான் அவன். சொல்லும்போது அழத் தொடங்கிவிட்டான். "பாசத்துலதான் மேடம். மறுநாள் சாயம் போட்டு முதல்ல அதத்தான் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. ரிப்போர்ட் அப்படியே போச்சுன்னா கிட்னி எடுக்க மாட்டாங்க. வேற யாரோடதும் பொருந்தல. பையனுக்குப் பத்தொம்பது வயசு மேடம். டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. அக்கா எப்படியும் போயிடுவா, பையனாவது இருக்கட்டும்னு..."

"அக்காவக் கேட்டியா?"

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பா. அம்மா போனப்ப எனக்கு நாலு வயசு. அவதான் என்னை வளர்த்தா. கல்யாணங்கூடப் பண்ணிக்கல."

"சரின்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சும் கேக்கல. ஏன்னா கேட்டா அவங்களுக்கு நோய் தெரிஞ்சுடும். டாக்டருங்களுக்கும் தெரிஞ்சுடும்."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவன் தசையை எடுத்து மெழுகில் போட்டு, அடுத்தவன் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தையல்காரரின் மனைவி உள்ளே வந்தாள். அவன் எதிரே நின்றாள்.

"ஏன் அவரு?"

அவன் தலை குனிந்துகொண்டான்.

"சொல்லுடா. எங்க வீட்டு ஆள உனக்கு முன்னப் பின்னத் தெரியுமா? ஏதாவது பகையா? ஏன் அவரு?"

"பக்கத்துல இருந்துச்சு," என்றான். "413. அதுலயும் அஞ்சு துண்டு. வெட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சதை எடுத்துப் பார்ப்பாங்க, தெரிஞ்சுடும், விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

அவள் அடிப்பாள் என்று கான்ஸ்டபிள் நினைத்தார். தடுக்கவேண்டாம் என்றும் நினைத்தார். அவள் அடிக்கவில்லை. "பக்கத்துல இருந்துச்சாம்," என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணி ஆகிவிட்டது, அவருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

பெரிய டாக்டர் எழுந்து அவன் பக்கத்தில் வந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தோளில் கை வைப்பார் போலிருந்தது, வைக்கவில்லை.

"அஞ்சு துணுக்கப் பார்த்துட்டு அக்காவுக்கு நாள் குறிச்சிட்டியேடா. நோய் ஆரம்பமா, முத்தினதான்னு அத வெச்சு எனக்கே சொல்லத் தெரியாது. அன்னிக்கே எடுத்திருந்தா பிழைச்சிருக்கலாம். பத்து வாரம் போயிடுச்சு. அந்த உடம்புல ஒரு கிட்னி வேற இல்ல."

"தெரியும் சார். நான் பாவி. எம்பையன் மட்டும்..."

"உம்பையனப் பத்தித்தான் சொல்ல வரேன்."

அவன் நிமிர்ந்தான்.

"கேன்சர் இருக்கறவங்ககிட்ட உறுப்பு வாங்க மாட்டோம். ஏன்னு உனக்குத் தெரியுமா? அவங்களக் காப்பாத்தணும்னு மட்டும் இல்ல. அந்தக் கிட்னியோட கண்ணுக்குத் தெரியாம நோயும் போகலாம். கிட்னிய உடம்பு ஒதுக்கிடக் கூடாதுன்னு உம்பையனுக்கு தினம் மருந்து குடுக்கறோமே, அது எதிர்ப்புச் சக்தியக் கட்டிப்போடற மருந்து. காவக்காரனக் கட்டிப்போட்ட வீட்டுல திருடன் நுழைஞ்சா யாரு கேக்கறது? போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனா இப்பவே அவங்களுக்குச் சொல்லியாகணும். வெச்ச கிட்னிய எடுக்க வேண்டியிருக்கும்."

இருபத்திரண்டு வருஷம் மனிதர்களைத் துணுக்கு துணுக்காகவே பார்த்தவன். முழு உடம்பு ஒன்று இருக்கிறது, அதில் ஒன்றோடு ஒன்று ஓடுகிறது என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. மெழுகு மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தான். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் கண்ணாடி மட்டும்தான். வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், துணியில் ஸ்பிரிட் நனைத்து, தன் அலமாரிக் கதவில் இருந்த எழுத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

பிற்பகல் 3.30. கோர்ட்டுக்குப் போகிற வழியில்தான் அக்காவின் வீடு. ஜீப்பைத் தெருவில் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் மாடி ஏறினாள். கூட வந்த பெரிய டாக்டர் படிக்குப் படி நின்றார்.

அக்கா கதவைத் திறந்தாள். மெலிந்த உடம்பு. இடுப்பில் ஒரு கை ஊன்றியபடியே நடந்தாள். மேசையில் தம்பி மகனுக்குத் துவைத்து மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தானே காரணமும் சொன்னாள்.

டாக்டர் சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். வயிற்றில் கேன்சர் இருக்கிறது, முன்பு வந்த ரிப்போர்ட் தப்பு, நாளைக்கே வந்து சேர வேண்டும், இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது. ரிப்போர்ட் எப்படித் தப்பானது என்பதைச் சொல்ல வேண்டியவள் இன்ஸ்பெக்டர். அந்த வாக்கியத்தைப் படி ஏறும்போதே தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

அக்கா மடித்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. பிறகு, ஏதோ அவசரமாக ஞாபகம் வந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"தம்பிக்கு இது தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தாள். ஊசி உள்ளே இறங்கவில்லை.

"தெரியாதில்ல? நல்லதாப் போச்சு." அக்கா இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா, அவங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் பையன் பிழைச்ச சந்தோஷத்துல இருக்கான். எனக்கு இப்படின்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்."

திறந்த ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. கீழே ஜீப்பின் பின் சீட்டில், கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில், தம்பி உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.